மண் இளகுவதற்குள்

மார்ச் மாதத்தில் போய்சி நகரத்துக் குன்றுகளுக்கு
ஒரே ஒரு சட்டம்தான்:
தடம் பதிந்தால் திரும்பிவிடு.
இரவில் இறுகிக் கிடக்கும் களிமண்
பதினொரு மணி வெயிலில் இளகும்.
அதில் மிதித்த பள்ளம்
கோடை முழுக்க உன் பூட்ஸ் அளவைச் சொல்லிக்கொண்டிருக்கும்.
அதனால் ஏழு மணி என்று எழுதி
அடிக்கோடு போட்டேன்.

மூன்று கேட் வளையம். ஏழு மைல்.
தெற்குச் சரிவில் சேஜ் புதர்கள், காற்று.
வடக்கில் நிழலும் மிச்சப் பனியும்.
உச்சியில், சரியாக மூன்றரை மைலில்,
யாரோ ஒரு டெலோரஸ் நினைவாக ஒரு பெஞ்சு.

இட்சியார்,
போனில் உன்னிடம் சொன்னது இவ்வளவுதான்:
ஞாயிறுதோறும் சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கில்
ஹூப்பரைக் கைமாற்றுவது இனி வேண்டாம்.
போன வாரம் அது
உன் காருக்கும் என் காருக்கும் நடுவே
வெள்ளைக் கோட்டின் மேல் உட்கார்ந்து
எழ மறுத்ததே,
தள்ளுவண்டிப் பையன் சுற்றிக்கொண்டு போனானே.
நான் நாயோடு வலச்சுற்றாக வருகிறேன்.
நீ வெறுங்கையோடு இடச்சுற்றாக வா.
பெஞ்சில் கயிற்றை மாற்றிக்கொள்வோம்.

நீ கொஞ்ச நேரம் யோசித்தாய்.
"கண்ணியமாக இருக்கிறது" என்றாய்.
அந்தச் சொல்லை உன் வக்கீல்தான்
உனக்குப் பழக்கியிருக்க வேண்டும்.

சமையல் மேசையில் வரைபடத்தை விரித்தேன்.
சுருளாமலிருக்க நாலு மூலைக்கும் கிடைத்ததை வைத்தேன்:
உப்பு டப்பா, டார்ச், நீ திருப்பித் தந்த சாவி,
ஹூப்பரின் இடுப்பு மாத்திரை.
(மாத்திரை சீஸுக்குள் என்று ஓரத்தில் குறித்தேன்.
நீ மறக்க மாட்டாய். மறப்பவன் நான்.)
தண்ணீர் இரண்டு லிட்டர். நாய்க்கு மடிக்கிற கிண்ணம்.
கூடுதல் சாக்ஸ்.

பிறகு பென்சிலால் ஒரு தடவை
நடந்து பார்த்தேன்.

பெஞ்சு. கயிறு உன் கையில்.
நீ உன் திசையிலேயே தொடர்வாய்,
அதாவது நான் வந்த வழியில்.
அப்படியானால் ஹூப்பருக்குத்
தெற்குச் சரிவே இரண்டு தரம்.
பனி கிடைக்காது.
பனியைக் கண்டால் பதினொரு வயதை மறந்து
அது புரள்வதை நீ பார்த்திருக்கிறாய்.

நீ வந்த வழியே திரும்பினால் பனி கிடைக்கும்.
ஆனால் அப்போது நீயும் நானும் ஒரே திசை.
முப்பது அடி விட்டு நடக்க வேண்டியிருக்கும், பேசாமல்.
நமக்கு அது புதிதல்ல,
முன்பு அதற்கு ஒரு வீடு தேவைப்பட்டது,
அவ்வளவுதான்.

அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன்.
நீ இடமாகவே, நான் வலமாகவே.
பெஞ்சுக்கு அப்புறம் இரண்டு கோடும்
முதுகைக் காட்டிக்கொண்டு
விலகி, இன்னும் விலகி,
ஒரு வளைவுக்குப் பிறகு
நெருங்கத் தொடங்கின.
வந்து முட்டிய இடம்
கிளம்பிய இடம்.
உன் நடை வேகம்,
ஆனால் நாய் மோப்பம் பிடிக்க நின்று நின்று வருவாய்.
கணக்குப் போட்டால் பத்தே முக்கால், இருவருமே.
மறுபடி இரண்டு கார்.
இங்கே வெள்ளைக் கோடு கிடையாது,
ஜல்லி மட்டும்.

எட்டாம் வகுப்புக்கு வடிவியல் நடத்துகிறேன்.
வளையம் என்றால் இதுதான் என்று
மூன்று நாளாக எனக்குத் தோன்றவில்லை.
உனக்குத் தோன்றியிருக்குமோ,
போனில் யோசித்த அந்தக் கொஞ்ச நேரத்தில்?

சொல்லிவிடலாம் என்று போனை எடுத்து
"மூன்றாவது கேட்டின் கொண்டி உறைந்திருக்கும்,
கையுறை கொண்டு வா" என்று அனுப்பினேன்.
சரி என்று ஒரு கட்டைவிரல் வந்தது.

அலாரம் ஐந்தே முக்காலுக்கு.
ஹூப்பர் என் பூட்ஸின் மேல் தாடையை வைத்துத் தூங்குகிறது.
ஜன்னலுக்கு வெளியே தெர்மாமீட்டரில் முப்பத்து நாலு.
முப்பத்திரண்டில்தான் மண் உறையும்.
இன்னும் இரண்டு டிகிரி
இறங்க வேண்டும்.